சபை கலையும் முன் ஓதப்படும் துஆ

எங்கள் பக்கத்து ஊர்களில் ஜமாஅத் கூட்டமாக இருந்தாலும், நிக்காஹ் பேச்சாக இருந்தாலும், மதரஸா ஆண்டு விழாவாக இருந்தாலும், பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்தபின் யாராவது ஒருவர், "சரி, கஃப்பாரா ஓதிக்குவோம்" என்பார். கஃப்பாரா என்றால் பரிகாரம்; சபை கலையும் முன் ஓதும் துஆவுக்கு, அதாவது பிரார்த்தனைக்கு, வழங்கும் பெயர் அது. உடனே சபையில் இருக்கும் எல்லாருடைய உதடுகளும் அசையும். "ஸுப்ஹானகல்லாஹும்ம வபிஹம்திக, அஷ்ஹது அல்லா இலாஹ இல்லா அன்த, அஸ்தக்ஃபிருக வஅதூபு இலைக்." இறைவா, நீ தூய்மையானவன், உன்னைப் புகழ்ந்து துதிக்கிறேன், உன்னைத் தவிர வணக்கத்துக்குரியவன் வேறு யாருமில்லை என்று சாட்சி சொல்கிறேன், உன்னிடம் பாவமன்னிப்புக் கேட்கிறேன், உன் பக்கமே திரும்புகிறேன். ஓதல் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சாப்பிடும்போது ஓதும் துஆ, தூங்கும்போது ஓதும் துஆ ஆகியவற்றோடு சேர்த்து இதையும் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரே மூச்சில் ஓதிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் ஓதவும் படுகிறது.

இது ஓதப்படும் விதம் பற்றி எனக்கு நெடுங்காலமாகவே ஒரு மனக்குறை உண்டு. கஃப்பாரா என்ற சொல் காதில் விழுந்ததுமே, கூட்டம் முடிந்துவிட்டது என்று சபை எடுத்துக்கொள்கிறது. ஒருவர் கணக்கு நோட்டை மஞ்சள் பைக்குள் வைக்கத் தொடங்குகிறார். இன்னொருவர் அணைத்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். முழங்கால் வலி உள்ளவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருக்கிறார்கள். அல்லாஹ்வின் தூய்மையையும் புகழையும் அவன் ஒருவனே இறைவன் என்ற சாட்சியத்தையும் ஒருசேரச் சொல்லும் வார்த்தைகள், அன்றைய சபையில் கவனம் மிகவும் குறைந்த நேரத்தில் சொல்லப்படுகின்றன. நபிமொழியான ஹதீஸிலோ "அந்த இருப்பிடத்தை விட்டு எழுவதற்கு முன்" ஓத வேண்டும் என்ற குறிப்பு தெளிவாகவே இருக்கிறது.

ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தபோது நடந்த ஒரு கூட்டத்தில்தான் இந்த மனக்குறை ஒரு கேள்வியாக உருவெடுத்தது. இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் பக்கத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் அரிசி எப்போது வந்து சேரும், கஞ்சி காய்ச்ச யாரை அமர்த்துவது, ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழவைக்க வரும் ஹாஃபிழுக்கு (குர்ஆனை மனனம் செய்தவருக்கு) தங்குமிடம் எங்கே என்றெல்லாம் பேச்சு நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஊதியத்தை உயர்த்தித் தரும்படி, தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் மோதினார் எழுதிக் கொடுத்திருந்த கடிதம் வாசிக்கப்பட்டது. அங்கே பேச்சு திசை மாறியது. ஸுப்ஹுப் பாங்குக்கு, அதாவது விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு, அவர் நேரம் தவறுகிறார் என்று ஒருவர் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வசூலை எண்ணும் இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வேண்டாம் என்று தடுத்தவர்களும் இருந்தார்கள் என்றாலும் சொல்லப்பட்டது சொல்லப்பட்டுவிட்டது. அந்த நேரத்தில் மோதினார் வெளியே, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுளூத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தென்னந்துடைப்பம் சிமெண்டுத் தரையில் உரசும் ஓசை உள்ளே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்டது. ஊதிய விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது, கஃப்பாரா ஓதப்பட்டது, எல்லாரும் எழுந்தார்கள்.

படியில் இறங்கும்போது, கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, இத ஓதிட்டா அவரப் பத்திப் பேசுனதும் சேந்து போயிருமா?" மார்க்க அறிஞர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலையே நானும் சொன்னேன். அல்லாஹ்வுடைய ஹக்கு, அதாவது உரிமை, வேறு; அடியானுடைய ஹக்கு வேறு. அடியானுக்குச் செய்த அநீதியை அந்த அடியான் பொருந்திக்கொள்ள, அதாவது மனமுவந்து மன்னிக்க, வேண்டும். அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "அப்போ எல்லாரும் சேந்து எதுக்கு ஓதுறோம்?" என்றான். அவன் கேட்டதில் துடுக்கு எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். பதில் சொல்ல முடிந்தாலும் மனம் அமைதி அடையாத கேள்விகள் சில உண்டு. பேசியது போகாதென்றால், இவ்வளவு பெரிய வார்த்தைகள் அங்கே என்ன வேலை செய்கின்றன? போய்விடும் என்றால், வெளியே துடைப்பத்தோடு நின்றவருக்கு யார் பதில் சொல்வது?

முத்திரையும் பரிகாரமும்

நம் ஊர்களில் அதிகம் சொல்லப்படும் அறிவிப்பு அபூஹுரைரா (ரலி) அவர்களுடையது. திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஒரு சபையில் அமர்ந்து வீண் பேச்சு மிகுந்துபோன ஒருவர், எழுவதற்கு முன் இந்தத் துஆவை ஓதினால், அந்தச் சபையில் நிகழ்ந்தது அவருக்கு மன்னிக்கப்படும் என்பது அதன் கருத்து. அபூதாவூத் தொகுப்பில் அபூபர்ஸா அல்அஸ்லமீ (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பில் ஒரு சிறு உரையாடல் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பிற்காலத்தில் சபையை விட்டு எழும்போது இதை ஓதுவதைக் கண்ட ஒருவர், "அல்லாஹ்வின் தூதரே, முன்பெல்லாம் சொல்லாத ஒரு வார்த்தையை இப்போது சொல்கிறீர்களே" என்று கேட்கிறார். "சபையில் நிகழ்வதற்கு அது பரிகாரம்" என்று நபியவர்கள் பதில் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் மட்டும் வைத்துப் பார்த்தால், தவறிப்போன பேச்சுக்கான பரிகாரமாகவே இந்தத் துஆ தோன்றும். கஃப்பாரா என்ற பெயரே நிலைத்துவிட்டதும் அதனால்தான்.

அந்த ரமளானில் ஒரு நாள், அரபிக் கல்லூரியில் பல காலம் ஹதீஸ் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு ஹஜ்ரத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தங்கை மகன் கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் உடனே பதில் எதுவும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து நஸாயீ ஹதீஸ் தொகுப்பை எடுத்து, தொழுகைப் பாடத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து மெதுவாக வாசித்தார். நபியவர்களின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு அது. நபி (ஸல்) அவர்கள் ஒரு சபையில் அமர்ந்தாலும், தொழுதாலும், முடிவில் சில வார்த்தைகளைச் சொல்வார்கள். அவை என்னவென்று ஆயிஷா நாயகி கேட்கிறார்கள். "ஒருவர் நல்லதைப் பேசியிருந்தால், இவை மறுமை நாள் வரைக்கும் அதன் மீது முத்திரையாக இருக்கும்; வேறு விதமாகப் பேசியிருந்தால், அதற்குப் பரிகாரமாக இருக்கும்" என்பது நபியவர்களின் பதில். ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல சபைக்கும் இதுதான், கெட்ட சபைக்கும் இதுதான். ரெண்டு துஆ சொல்லிக்கொடுக்கல. அதை யோசிங்க."

என் யோசனை வேறு தடத்தில் போனது அந்த இடத்தில்தான். சபை எப்படிப்பட்டது என்று நாமே தீர்மானித்து, நல்ல சபைக்குப் பிறகு நன்றி சொல்லும் துஆவையும் கெட்ட சபைக்குப் பிறகு மன்னிப்புத் துஆவையும் ஓதும்படி நமக்குச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லப்படவில்லை. எது நல்ல பேச்சு, எது கெட்ட பேச்சு என்ற தீர்ப்பு நம் கையில் விடப்படவே இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் பேசியவர் எவரும் தாம் புறம் பேசுவதாக எண்ணிப் பேசியிருக்க மாட்டார். பள்ளிவாசலின் நன்மைக்காகப் பேசுவதாகவே எண்ணியிருப்பார். குர்ஆன் விளக்க வகுப்பு நடத்தியவரும் நன்மைதான் செய்ததாக எண்ணுகிறார். இருவர் வாயிலும் ஒரே துஆவை வைத்திருப்பதன் பொருள், இருவருமே தம் சபையைப் பற்றித் தாமே சான்றிதழ் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் கூற்றாக அபூதாவூதில் வருவது இதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறது: நன்மையும் திக்ரும் (இறை நினைவும்) நிகழ்ந்த சபையில் இதை ஓதினால், ஓர் ஏட்டின் மீது முத்திரை இடுவதுபோல அந்தச் சபை முத்திரையிடப்படும். முத்திரையிட்ட ஏட்டில் பிறகு யாரும் எதையும் சேர்க்கவோ குறைக்கவோ முடியாது.

ஆயிஷா நாயகியின் அறிவிப்பு இன்னொரு வழியில் வரும்போது, சபையோடும் தொழுகையோடும் குர்ஆன் ஓதுவதும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. குர்ஆன் ஓதி முடித்தவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? ஆனால் மார்க்கத்தின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. கடமையான தொழுகையில் ஸலாம் கொடுத்ததும் நபியவர்கள் மூன்று முறை "அஸ்தக்ஃபிருல்லாஹ்" சொன்னதாக ஸவ்பான் (ரலி) அறிவிப்பது முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அரஃபாவில் நின்று திரும்பும் ஹாஜிகளைப் பார்த்து, "அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேளுங்கள்" என்கிறது குர்ஆனில் அல்பகரா சூராவின் (அத்தியாயத்தின்) 199ஆம் ஆயத் (வசனம்). இரவில் குறைவாகவே தூங்கி வணங்கியவர்கள், விடியலுக்கு முந்தைய நேரத்தில் பாவமன்னிப்புக் கேட்பார்கள் என்கிறது தாரியாத் சூரா. ஒரு வணக்கம் முடியும் இடத்தில் எல்லாம் மன்னிப்பு நிற்கிறது. செய்த நன்மை இறைவனுடைய தகுதிக்கு ஒருபோதும் ஈடாகாது என்ற அறிவு அங்கே பேசுகிறது.

வெற்றியின் நடுவே வந்த கட்டளை

இந்தத் துஆவின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், நம்மில் பலர் தொழுகையில் அடிக்கடி ஓதும் ஒரு சிறு சூராவில் போய் நிற்போம். 110ஆவது சூரா அந்நஸ்ர், மூன்றே ஆயத்துகள். அல்லாஹ்வின் உதவியும் வெற்றியும் வந்து, மக்கள் கூட்டம் கூட்டமாக மார்க்கத்தில் நுழைவதை நீங்கள் காணும்போது, உங்கள் இறைவனைப் புகழ்ந்து துதியுங்கள், அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவன் தவ்பாவை (பாவத்திலிருந்து மீண்டு திரும்புவதை) மிகவும் ஏற்பவன் என்று அது முடிகிறது. துதி, புகழ், மன்னிப்பு, தவ்பா என்ற நான்கும் அதே வரிசையில் நம் துஆவிலும் இருக்கின்றன. நடுவில் கலிமாவின் சாட்சியம் மட்டும் சேர்ந்திருக்கிறது. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஆயிஷா நாயகியே இதற்கு வழி காட்டுகிறார்கள். நபியவர்கள் "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, அஸ்தக்ஃபிருல்லாஹ வஅதூபு இலைஹி" என்று மிக அதிகமாக ஓதுவதைப் பார்த்து அவர்கள் காரணம் கேட்டபோது, என் சமுதாயத்தில் ஓர் அடையாளத்தைக் காண்பாய், கண்டதும் இதை அதிகமாக ஓது என்று இறைவன் எனக்கு அறிவித்திருந்தான், அதை நான் கண்டுவிட்டேன் என்று சொல்லி நபியவர்கள் இந்தச் சூராவை ஓதினார்கள் என்பது முஸ்லிமில் உள்ள செய்தி. ருகூஉவிலும் சுஜூதிலும் "ஸுப்ஹானகல்லாஹும்ம ரப்பனா வபிஹம்திக, அல்லாஹும்மக்ஃபிர்லீ" என்று அதிகமாக ஓதி, குர்ஆனின் கட்டளையைச் செயல்படுத்தினார்கள் என்றும் அதே நாயகி அறிவிப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு.

அந்த வெற்றி எப்படிப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில், கிபி 630இன் தொடக்கத்தில், பத்தாயிரம் தோழர்களோடு நபியவர்கள் மக்காவுக்குள் நுழைகிறார்கள். கல்லெறிந்தவர்களும் ஊரைவிட்டுத் துரத்தியவர்களும் வாழ்ந்த ஊர் அது. தாடி சேணத்தைத் தொடும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தியபடி அவர்கள் நுழைந்ததாக, நபி வரலாறு கூறும் சீறா நூல்கள் சொல்கின்றன. அப்படி ஒரு வெற்றியைப் பெற்றவருக்கு, வெற்றியைக் கொண்டாடு என்ற கட்டளை வரவில்லை. புகழ்ந்து துதித்து மன்னிப்புக் கேள் என்ற கட்டளை வந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் சபையில் பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்தவர்களோடு இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர வைத்து, இந்தச் சூராவின் கருத்தைக் கேட்ட நிகழ்ச்சி புகாரியில் இருக்கிறது. வெற்றி கிடைத்தால் புகழ்ந்து மன்னிப்புக் கேட்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்று மூத்தவர்கள் சிலர் சொன்னார்கள். சிலர் மௌனமாக இருந்தார்கள். இப்னு அப்பாஸ் மட்டும், இது நபியவர்களின் ஆயுள் முடியப்போவதை அறிவித்த சூரா என்றார். நானும் அதைத்தான் அறிந்திருக்கிறேன் என்றார் உமர்.

அபூபர்ஸாவின் அறிவிப்பில் "பிற்காலத்தில்" என்று வருவதை இதனோடு சேர்த்துப் படிக்கும்போது என் மனம் நெகிழ்ந்துபோகிறது. நபியவர்களின் வாழ்நாள் முடிவை நெருங்கும் காலத்தில், ஒரு முழு வாழ்வின் பணி நிறைவேறிய வேளையில், அதிகமாக ஓதப்பட்ட வார்த்தைகளும், அன்றாடம் நாம் கூடிப் பேசிக் கலையும்போது ஓதும்படி சொல்லிக்கொடுக்கப்பட்ட வார்த்தைகளும் ஏறக்குறைய ஒன்றே. பெரிய முடிவுக்கு உரிய சொற்களையே சின்னச் சின்ன முடிவுகளுக்கும் வைத்திருக்கிறார்கள். தூர் சூராவில் "நீர் எழும்போது உம் இறைவனைப் புகழ்ந்து துதிப்பீராக" என்று வருவதற்கு, எந்தச் சபையிலிருந்து எழுந்தாலும் என்று பொருள் சொன்ன தாபிஈன்கள் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினர்) உண்டு. நன்மை செய்திருந்தால் நன்மை கூடும், அப்படி இல்லையென்றால் பரிகாரமாகும் என்று அதா (ரஹ்) அவர்கள் விளக்கியதும் குர்ஆன் விரிவுரைகளான தஃப்ஸீர்களில் இருக்கிறது.

புகழ் ஏன் முதலில் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் அதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறவர் முதலில் அவரைப் புகழ்ந்துவிட்டுப் பிறகு தம் தேவையைச் சொல்வதுபோலத்தான் இது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்பதில்லை. தொழுகையில் ஒருவர் அல்லாஹ்வைப் புகழாமலும் நபியின் மீது ஸலவாத் (வாழ்த்து) சொல்லாமலும் நேரடியாகத் துஆவில் இறங்கியதைக் கேட்ட நபியவர்கள், "இவர் அவசரப்பட்டுவிட்டார்" என்றுதான் சொன்னார்கள். ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அவசரப்பட்டவர் யார் முன்னால் நிற்கிறோம் என்று பார்ப்பதற்கு முன்பே கையை நீட்டிவிடுகிறார். மீன் வயிற்று இருளில் இருந்த யூனுஸ் நபியின் துஆவைப் பாருங்கள். "லா இலாஹ இல்லா அன்த, ஸுப்ஹானக" என்று முதலில் இறைவனைச் சொல்லி, அதன் பிறகே "நான் அநியாயக்காரர்களில் ஆகிவிட்டேன்" என்று தம்மைச் சொல்கிறார்கள். மன்னித்துவிடு என்ற சொல்கூட அதில் இல்லை. ஒரு நாளில் நூறு முறை "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி" ஓதியவரின் பாவங்கள் கடல் நுரையளவு இருந்தாலும் அகற்றப்படும் என்ற புகாரி, முஸ்லிம் ஹதீஸிலும் மன்னிப்புக் கேட்கும் வார்த்தை இல்லை; புகழ் மட்டுமே இருக்கிறது. அவன் தூயவன் என்று உணர்ந்து சொல்லும் ஒருவனுக்குத் தன்னிடம் உள்ள அழுக்கு தானாகவே தெரிந்துவிடுகிறது என்றுதான் இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

மோதினாருடைய ஹக்கு

இவ்வளவு தூரம் வந்தபின்னும் தங்கை மகனின் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. சபையில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசியது இந்தத் துஆவால் போகுமா? அறிஞர்கள் இங்கே உறுதியாக இருக்கிறார்கள். தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகள்: பாவத்தை விட்டுவிடுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. மனிதனுடைய ஹக்கு சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, அந்த ஹக்கிலிருந்து விடுபடுவது. இமாம் நவவீ இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். தம் சகோதரரின் மானத்திலோ வேறு எதிலோ அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் இல்லாத நாள் வருமுன் இன்றே அவரிடம் பொருத்தம் தேடிக்கொள்ளட்டும் என்பது புகாரியில் வரும் ஹதீஸ். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டுவந்தும், ஒருவரைத் திட்டி, ஒருவர் மீது அவதூறு சொல்லி, அதற்கு ஈடாக நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவரே என் சமுதாயத்தில் உண்மையான ஓட்டாண்டி என்பது முஸ்லிமில் வருவது. உள்ளதைச் சொன்னால் புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று நபியவர்கள் பிரித்துக் காட்டியிருப்பதால், "உண்மையைத்தானே சொன்னேன்" என்ற சமாதானத்துக்கும் இடமில்லை.

நம் ஊர்களில் இதற்கு ஓர் அழகான நடைமுறை இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர்கள் வீடு வீடாகச் சென்று, "ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா பொருந்திக்கங்க" என்று கேட்பார்கள். ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன், மையித்திடம் (இறந்தவரிடம்) யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பார்கள். கஃபாவைப் பார்க்கப் போகும் முன்னும், கபுருக்குப் போகும் முன்னும் நினைவுக்கு வரும் இந்தப் பொருத்தம், ஒரு சாதாரண கூட்டம் கலையும்போதும் நினைவுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். "அஸ்தக்ஃபிருக" என்று ஓதும் நாவுக்கு, யாருடைய ஹக்கு நம் மேல் நிற்கிறது என்பது நினைவில் இருந்தால், அந்தத் துஆ அவரிடம் போய் நிற்கும்படி நம்மைத் தள்ளும். சாட்சியத்துக்கும் மன்னிப்புக்கும் அடுத்து "வஅதூபு இலைக்", உன் பக்கம் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அவன் படைத்த அடியானைத் திரும்பிப் பார்க்காமல் போக முடியாது. எதற்காக எல்லாரும் சேர்ந்து ஓதுகிறோம் என்று தங்கை மகன் கேட்டதற்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இதுதான். பேசியவர், தடுத்தவர், கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர் எல்லாருமே அந்தச் சபையில் ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். அதனால் எல்லாரும் ஓதுகிறார்கள்.

சம்பந்தப்பட்டவரிடம் போய், உங்களைப் பற்றி இப்படிப் பேசினோம் என்று சொன்னால் அவர் மனம் இன்னும் புண்படும் என்ற நிலையும் உண்டு. அவருக்கே தெரியாத சந்தேகத்தை அவர் காதில் போய்ப் போடுவது ஒரு புதிய காயம். இப்படிப்பட்ட நிலையில், அவருக்காகப் பாவமன்னிப்புத் தேட வேண்டும், எந்தச் சபையில் அவரைக் குறைத்துப் பேசினோமோ அதே சபையில் அவருடைய நற்குணங்களை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று இப்னுல் கய்யிம் போன்ற அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த கருத்து. புகழும் மன்னிப்பும் இங்கேயும் சேர்ந்தே வருகின்றன. இறைவனின் அரியணையான அர்ஷைச் சுமக்கும் மலக்குகளை (வானவர்களை) பற்றி ஃகாஃபிர் சூரா சொல்லும்போது, அவர்கள் தம் இறைவனைப் புகழ்ந்து துதிக்கிறார்கள், ஈமான் கொண்டவர்களுக்காக மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. பாவமே செய்யாத அவர்கள் கேட்கும் மன்னிப்பு முழுவதும் பிறருக்கானது.

இந்தத் துஆவைப் பற்றிய ஹதீஸ் வரலாற்றிலேயே ஒரு சபை இருக்கிறது. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் இமாம் புகாரி (ரஹ்) அவர்களிடம் வந்து, நெற்றியில் முத்தமிட்டு, உங்கள் பாதங்களையும் முத்தமிட விடுங்கள் ஆசான்களின் ஆசானே என்று சொல்லிவிட்டு, கஃப்பாரத்துல் மஜ்லிஸ் (சபையின் பரிகாரம்) ஹதீஸின் ஓர் அறிவிப்பாளர் தொடரில் மறைந்திருக்கும் குறை என்ன என்று கேட்ட செய்தியை ஹதீஸ் கலை நூல்கள் எடுத்துச் சொல்கின்றன. இப்னு ஜுரைஜ், மூஸா இப்னு உக்பாவிடமிருந்தும், அவர் ஸுஹைல் வழியாகவும், அவர் தம் தந்தை வழியாக அபூஹுரைராவிடமிருந்தும் அறிவிக்கும் தொடர் அது. மூஸா இப்னு உக்பா சாதாரண ஆள் அல்லர். நபியவர்களின் போர் வரலாற்றைத் தொகுத்தவர், அவருடைய தொகுப்பைப் படியுங்கள் என்று இமாம் மாலிக் பரிந்துரைத்தவர். அவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேச வேண்டிய கட்டாயம். இமாம் புகாரி சொன்னது இவ்வளவுதான்: மூஸா ஸுஹைலிடமிருந்து நேரடியாகக் கேட்டதாக எமக்குக் குறிப்பு இல்லை. அதோடு, அதே செய்தி அவ்ன் இப்னு அப்துல்லாஹ்வின் சொந்தக் கூற்றாக வரும் வேறொரு தொடரைக் காட்டி, அதுவே மேலானது என்றார்கள். வேறு வழிகளின் துணையைச் சேர்த்துப் பார்த்து இந்த ஹதீஸை ஏற்றவர்கள் பிறகு பலர். திர்மிதீயும் இதை நல்ல தரத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதிலை மோதினாரைப் பற்றி நடந்த பேச்சின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மார்க்கத்தைக் காப்பதற்காக அறிவிப்பாளர்களின் குறைகளைப் பேசுவதற்கு அனுமதி இருக்கிறது. அந்த அனுமதி இருந்தும், தெரிந்ததைத் தெரிந்த அளவோடு நிறுத்தினார்கள். மூஸாவின் நேர்மை மீது ஒரு நிழல்கூட விழவில்லை. குறிப்பு இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல் கூடவில்லை. பாங்கு நேரம் தவறுகிறதா என்று நிர்வாகம் பேசலாம், பேசவும் வேண்டும். இன்ன நாள் இவ்வளவு நேரம் தாமதம் என்று அவரை எதிரில் உட்கார வைத்தே பேசலாம். வசூல் எண்ணும் இடத்தைப் பற்றி ஒரு கேள்வியை வீசிவிட்டு எழுவது வேறு.

புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 817இல் தொடங்கிய ஃபத்ஹுல் பாரியை 842இல் முடித்தார்கள். ஒவ்வொரு ஹதீஸாக எடுத்து, சொல் சொல்லாக ஆராய்ந்த 25 ஆண்டு உழைப்பு அது. புகாரியின் கடைசி ஹதீஸ், நாவுக்கு எளிதும் தராசில் கனமுமான "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி, ஸுப்ஹானல்லாஹில் அழீம்" என்ற இரு வார்த்தைகளைப் பற்றியது. அதற்கு விரிவுரை எழுதி முடித்தபின், நூலின் இறுதிப் பகுதியில் கஃப்பாரத்துல் மஜ்லிஸின் அறிவிப்புகளையும், இமாம் முஸ்லிம் கேட்ட கேள்வியையும் அவர்கள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வீண் பேச்சு நடந்த சபையில் ஓதுவதற்கென்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் துஆ, அந்த நூலில் நல்ல பணியின் முடிவில் இருக்கிறது. தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றான். ஹஜ்ரத் வீட்டு அலமாரியில் ஃபத்ஹுல் பாரியின் கடைசிப் பாகம் இருக்கிறது. அவனை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.